கூலன்ற் மாற்றிய பிறகு சூட்டு முள் ஏறி இறங்குகிறது (கொரோலா 110)

நிலாவெளி110:
வணக்கம். போன கிழமை ரேடியேற்றர் ஹோஸ் வெடித்து மாற்றினேன், கூலன்றும் (எஞ்சினை ஆற்றும் திரவம்) புதிது. அதற்குப் பிறகு டவுனுக்கு வரும் வழியிலேயே முள் பாதியைத் தாண்டி ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிறது. எஞ்சின் சூடாகும்வரை கூலன்றை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள் கராஜில். எறியலாமா?

உவர்மலையான்:
வேண்டாம் தம்பி. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும், பெற்றோல்தான் கூடக் குடிக்கும். உங்களுக்கு உள்ளே காற்று நிற்கிறது. அந்தச் சலசலப்பு ஹீற்றர் பக்கத்தில் இருந்து வருவது. திருகோணமலையில் யார் ஹீற்றர் போடுகிறோம்? அதனால் கூலன்ற் ஊற்றும்போது ஹீற்றரைத் திறக்கும் திருகை யாரும் தொடுவதில்லை, காற்று அங்கேயே அடைபட்டுவிடும்.

காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது செய்யுங்கள். முன்பக்கம் ஏற்றத்தில் நிற்கட்டும், பின் சில்லுக்குக் கல் வையுங்கள். காற்று மேலேதான் போகும், ரேடியேற்றர் வாய் உயர்ந்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, கழுத்துவரை ஊற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஏசி போடாதீர்கள். 82 டிகிரியை ஒட்டித் தேர்மோஸ்ரற் திறக்கும். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் சட்டென்று சுடும், வாயில் நிறைந்து நின்ற தண்ணீர் மளமளவென்று கீழே போகும், பின்னாலேயே குமிழிகள் கிளம்பும். அப்போது ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விடுங்கள், குறையக் குறைய ஊற்றுங்கள். கை ஃபானுக்குக் கிட்டப் போகக் கூடாது. ஃபான் தானாக இரண்டு தரம் ஓடி நின்று, குமிழியும் ஓய்ந்தால் மூடலாம். மூடி ஓடிய பிறகு சூட்டோடு திறக்கவே வேண்டாம். அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிற தண்ணீர், திறந்ததும் முகத்துக்குப் பொங்கும்.

கந்தளாய்க்காரன்:
அண்ணா சொன்னது சரி. அப்புறம், கிணற்றுத் தண்ணீர் கலக்காதீர்கள். கடற்கரைக் கிணற்று உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான்.

நிலாவெளி110:
செய்தேன் அண்ணா, சத்தம் நின்றுவிட்டது. முள்ளும் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. ஆனால் இன்று காலை பார்த்தால் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் உள்ள கூலன்ற் டாங்கியில் குறைந்திருக்கிறது.

உவர்மலையான்:
பயப்பட வேண்டாம். மிச்சக் காற்று வெளியேறியிருக்கும்; எஞ்சின் ஆறும்போது அந்த இடத்துக்கு டாங்கியில் இருந்து இழுத்திருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்பிவிட்டு ஓடுங்கள். தொடர்ந்து குறைந்தால் முதலில் புது ஹோஸின் கிளிப்பைப் பாருங்கள், மூடியின் ரப்பரையும் பாருங்கள். எங்கேயும் ஒழுக்கு இல்லாமலே குறைந்தால், அல்லது குமிழி ஓயாமல் வந்தால், எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கஸ்கெட் போயிருக்கலாம். அதைப் பார்க்காமல் ஹபரணைக் காட்டுப் பாதையில் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள்.