மறு: ‘அவுட்கம்’ என்பதற்கு விளைவு சரிதானா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

செவிலிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை எப்படித் திறனாய்வு செய்வது என்று மாணவர்களுக்குத் தமிழில் எழுதப்போகும் நம் குழு உறுப்பினர் அம்மா ஒருவர், ‘பேஷன்ட் அவுட்கம்’ (நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது என்பது) என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். ‘நோயாளி விளைவு’ என்று நாலைந்து பேர் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேறு பாடங்களில் எப்படியோ, இந்தப் பாடத்துக்கு அந்தச் சொல் ஆகாது என்பது என் எண்ணம்.

‘எஃபெக்ட்’ என்பதற்கும் நம்மிடம் விளைவுதான். பக்கவிளைவு என்றால் மருந்தால் வந்தது என்று யாரும் விளக்காமலே புரிகிறது. விளைவு என்றதும் எதனுடைய விளைவு என்று மனம் தேடும். ஆனால் ஒரு ஆய்வில் அவுட்கம் என்பது அளந்து குறித்துக்கொண்ட ஒன்று, அவ்வளவுதான். நோயாளி பிழைத்தாரா, கீழே விழுந்தாரா, படுக்கைப் புண் வந்ததா, 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டாரா என்று குறிக்கிறார்கள். அது எதனால் வந்தது என்பதைத்தான் ஆய்வு தேடுகிறது. தேடும் விடையைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டால் திறனாய்வுக்கு என்ன வேலை?

இந்தத் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வையே பார்ப்போம். லிண்டா ஐக்கனும் உடனிருந்தோரும் 2002-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள், 2,32,342 அறுவை நோயாளிகள். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் (‘ஆட்ஸ்’, அதாவது இறந்தோருக்கும் பிழைத்தோருக்கும் உள்ள விகிதம்) 7 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது ஒரே காலகட்டத்தில் பல மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வு. செவிலியர் போதுமான அளவில் இருக்கும் மருத்துவமனையில் பணமும் கருவிகளும் தேர்ந்த மருத்துவர்களும் சேர்ந்தே இருக்கலாம் அல்லவா? மருத்துவமனையின் அளவு, தொழில்நுட்ப வசதி, நோயாளியின் நிலை முதலியவற்றுக்கு அவர்கள் கணக்கில் ஈடு செய்திருக்கிறார்கள். அந்த ஈடு போதுமா என்பது திறனாய்வாளர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ‘பணிச்சுமையும் நோயாளி விளைவுகளும்’ என்று தலைப்பிட்ட ஒரு தமிழ்ச் சுருக்கத்தைப் படிக்கும் மாணவருக்கு அந்தக் கேள்வி எழவே எழாது.

> அப்படியென்றால் பணிச்சுமையால் நோயாளிகள் சாவதில்லை என்கிறீர்களா?

இல்லை ஐயா. காரணத் தொடர்பு உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைக்க வைத்தவை வேறு வகை ஆய்வுகள். 2011-ல் ஜாக் நீடில்மேன் குழு ஒரே மருத்துவமனைக்குள் பணிமுறை (ஷிப்ட்) பணிமுறையாகக் கணக்கெடுத்தது. தேவையான அளவைவிடச் செவிலியர் நேரம் மிகவும் குறைந்த பணிமுறை ஒவ்வொன்றுக்கும், அதில் இருந்த நோயாளியின் இறப்பு இடர் ஏறக்குறைய 2 சதவீதம் கூடுதலாக இருந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016-ல் செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் என்று வரம்பு வந்தது. வரம்புக்கு உட்பட்ட 27 மருத்துவமனைகளையும் உட்படாத 28 மருத்துவமனைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது. இத்தகைய ஆய்வைப் படித்துவிட்டு ‘விளைவு’ என்று எழுதினால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஐக்கன் ஆய்வுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் எழுத இரண்டு சொல் வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வாதம்.

சரி, மாற்று என்ன? வந்த பரிந்துரைகளில் ‘பலன்’ ராசிபலனை நினைவூட்டுகிறது. தவிர, இறப்பைப் பலன் என்று எழுதக் கை வராது. ‘பயன்’ என்பதற்கும் இதே சிக்கல். ‘முடிவு’ என்றால் தீர்மானமும் முடிவு, ஆய்வில் கண்டதும் முடிவு, ஆள் போய்ச் சேர்வதும் முடிவு. நோயாளியோடு சேர்த்து எழுதினால் மூன்றாவதுதான் முதலில் தோன்றும். ‘அடைநிலை’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. கலிப்பா உறுப்புக்கு அந்தப் பெயர் இருப்பதால் குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கலிப்பாவோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை! ஆனாலும் யார் வாயிலும் புழங்காத சொல்.

என் பரிந்துரை ‘பெறுபேறு’. இலங்கையில் பரீட்சைப் பெறுபேறு என்பது பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் சொல். தேறினாலும் தேறாவிட்டாலும் பெறுபேறுதான். ஏன் தேறவில்லை என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. நமக்கு வேண்டியதும் அந்த நடுநிலைதான்.

> பேறு என்றால் நற்பேறு. இறப்பு எப்படிப் பேறாகும்?

தனியாக நிற்கும் ‘பேறு’ என்றால் நீங்கள் சொல்வது சரி. ‘பெறுபேறு’ புழக்கத்தில் அந்த நிறத்தை இழந்துவிட்டது. முதல் தடவை காதுக்கு உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

இதே அளவுகோலை மற்ற சொற்களுக்கும் வைக்கலாம். எதை அளந்தார்களோ அதைச் சொல்ல வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. ‘நர்ஸ் சென்சிட்டிவ் அவுட்கம்’ (செவிலியப் பராமரிப்பை ஒட்டி மாறக்கூடியது) என்பதற்கு வந்த ‘செவிலியர் உணர்திறன் விளைவு’ செவிலியரின் மனத்தைப் பற்றியது போல ஒலிக்கிறது. ‘செவிலியம்சார் பெறுபேறு’ போதும்.

‘ஃபெயிலியர் டு ரெஸ்க்யூ’தான் கடினம். ஜெஃப்ரி சில்பர் குழு 1992-ல் கொண்டுவந்த அளவு இது. சிக்கல் ஏற்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே கணக்கு. ‘மீட்கத் தவறல்’ என்று பெயர்த்தால் குற்றப்பத்திரிகை வாசிப்பது போல இருக்கிறது. எந்தத் தவறையும் யாரும் அங்கே நேரில் அளக்கவில்லை. ‘சிக்கலுற்றோர் இறப்பு வீதம்’ என்றால் பகுதி எண்ணும் தொகுதி எண்ணும் பெயரிலேயே தெரியும். மூலச் சொல்லின் வேகம் இதில் போய்விடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாடநூலில் இரண்டையும் ஒரு முறை சொல்லிவிட்டு நீளமானதைத் தொடரலாம். பியாட்ரிஸ் காலிஷ் 2006-ல் எழுதிய ‘மிஸ்டு நர்சிங் கேர்’ என்பதற்கு ‘விடுபட்ட பராமரிப்பு’ பொருந்தும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது போன்றவை ஆள் பற்றாமல் விடுபடுகின்றன. ‘தவறிய’ வேண்டாம்.

படுக்கைப் புண்ணுக்குச் சொல் இருக்கிறது, ஆனால் அட்டவணைகளில் ‘பதிவான படுக்கைப் புண்’ என்றே எழுதுங்கள் அம்மா. செவிலியர் கூடுதலாக உள்ள பிரிவில் நோயாளியின் முதுகையும் குதிகாலையும் பார்க்க ஆள் இருக்கும். தொடக்க நிலைப் புண்கள் கண்ணில் படும், எண்ணிக்கை ஏறும். ஆள் இல்லாத பிரிவில் அவை ஏட்டில் வராமலே போகும். நல்ல பிரிவு மோசமாகத் தெரிவது இப்படித்தான். ‘பதிவான’ என்ற ஒரு சொல் இருந்தால் மாணவர் அங்கே நின்று யோசிப்பார்.

‘பிரைமரி அவுட்கம்’, ‘செகண்டரி அவுட்கம்’ என்பவற்றுக்கு ‘முதன்மைப் பெறுபேறு’, ‘துணைப் பெறுபேறு’ இரண்டும் இடறலின்றி வருகின்றன. இறப்பு, மறுசேர்க்கை, தொற்று மூன்றையும் ஒன்றாக்கி எண்ணும் ‘காம்போசிட் அவுட்கம்’ என்பதற்கு ‘கூட்டுப் பெறுபேறு’ என்று வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகை என்று தப்பாகப் புரியுமோ என்ற ஐயம் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று நிகழ்ந்தாலே அது ஒன்றாக எண்ணப்படும் என்பது பெயரில் தெரிய வேண்டும். புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.