முருங்கையின் குவெர்செட்டினும் அமைலேஸும்: ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூரில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். முருங்கை இலையிலுள்ள குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை எப்படித் தடுக்கிறது என்பதே என் ஆய்வு.

295 நானோமீட்டர் ஒளியில் தூண்டினால், குவெர்செட்டின் கூடக்கூட நொதியிலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு குறைகிறது. உடனே ‘நொதியின் வடிவம் மாறியது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. குவெர்செட்டினே 370 நானோமீட்டர் அருகில் ஒளியை நன்றாக உறிஞ்சும். 340 நானோமீட்டர் அருகே வரும் டிரிப்டோபான் ஒளிர்வை அதுவே விழுங்கியிருக்கலாம். நொதி உண்டாக்கும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறையும் தொல்லைதான்: சர்க்கரையைப் போலக் குவெர்செட்டினும் அந்தக் கரைசலை ஒடுக்கி நிறம் காட்டும். போதாக்குறைக்கு, திரள்களாகக் கூடி எந்த நொதியையும் முடக்கும் குணம் வேறு! அதைச் சோதிக்க திரள்களைக் கலைக்கும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்க்கப்போகிறேன்.

ஒளி உறிஞ்சலுக்கான திருத்தத்தை யாராவது கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? கோவைப் பக்கம் வெளி மாணவர்களுக்கு, புரதத்தின் வடிவ மாற்றத்தைக் காட்டும் சர்க்குலர் டைக்ரோயிசம் கருவி எங்கே கிடைக்கும்? மலையாளத்தில் பதில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.