கான்ட்ராக்ட் மட்டும் என்றாலும் பெர்மனென்ட் வேலையையே தள்ளும் ஏஜென்ட்டுகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நகரும்நாற்காலி எழுதியது:

வணக்கம். சில வருடங்களாக கான்ட்ராக்ட்டில்தான் வேலை செய்கிறேன், டேட்டாபேஸ் பக்கம். ஆறு மாதம் இங்கே, ஒரு வருடம் அங்கே என்று ஓடுகிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. இப்போதைய ப்ராஜெக்ட் முடியப் போகிறதே என்று ரெஸ்யூமைப் புதுப்பித்து வேலைத் தளங்களில் ஏற்றினேன், தொல்லை ஆரம்பித்தது. ரெஸ்யூமின் தலையிலேயே "கான்ட்ராக்ட் வேலை மட்டும்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அப்படியும் வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் பெர்மனென்ட். நேற்று வந்த ஒன்று:

"சார், உங்க ப்ரொஃபைலுக்கு அப்படியே பொருந்துற மாதிரி ஒரு வேலை இருக்கு."
"கான்ட்ராக்டா?"
"ரொம்ப நல்ல கம்பெனி சார், டீம் சூப்பரா இருக்கும்."
"சரி, கான்ட்ராக்டா பெர்மனென்ட்டா?"
"லாங் டெர்ம் சார்."
"எவ்வளவு லாங்?"
"பெர்மனென்ட் சார்."

வேண்டாம் என்றால் விடுவதில்லை. எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீர்கள், ஒரு இடத்தில் நிலையாக உட்கார வேண்டாமா என்று கல்யாணத் தரகர் மாதிரி ஆரம்பித்துவிடுகிறார்கள். முகத்தில் அடித்தமாதிரி பேசி வைத்துவிடலாம்தான், ஆனால் அதே ஆளிடம் நாளைக்கு நல்ல கான்ட்ராக்ட் ஒன்று வந்தால் என்னைக் கூப்பிடுவாரா? இதே பிழைப்பில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

பழையதரகர் எழுதியது:

நண்பரே, நானே சில காலம் அந்தப் பக்க நாற்காலியில் இருந்தவன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் ரெஸ்யூமின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கூப்பிடுகிறவர் பார்த்திருக்கவே மாட்டார். தேடலில் நாலைந்து சொற்களைப் போடுவார், வருகிற பட்டியலை மேலிருந்து கீழே கூப்பிட்டுக்கொண்டே போவார், ஏனென்றால் ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு, வாரத்துக்கு இத்தனை ரெஸ்யூம் என்று அவருக்கு டார்கெட் இருக்கும். தடித்த எழுத்தில் போடுவதைவிட, தளத்திலேயே வேலை வகை என்று ஒரு தேர்வு இருக்குமே, அதில் பெர்மனென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். வடிகட்டும்போது உங்கள் பெயரே வராது. அதற்கே பாதி அழைப்பு குறையும்.

மீதிப் பாதி காசு. பெர்மனென்ட் ஆளைச் சேர்த்துவிட்டால் முதல் வருடச் சம்பளத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை ஏஜென்சி ஒரே தடவையில் வாங்கிக்கொள்வது சாதாரணம். கான்ட்ராக்ட் என்றால் கிளையன்ட் (ஆள் கேட்கிற கம்பெனி) தருகிற ரேட்டுக்கும் உங்களுக்குத் தருகிற ரேட்டுக்கும் நடுவில் இருக்கும் மார்ஜின்தான், அதுவும் நீங்கள் வேலை செய்யச் செய்யத்தான் வரும். இதில் இன்னொரு சிக்கல், கிளையன்ட் பில்லுக்குப் பணம் தர 30 நாள், 60 நாள் ஆகும், உங்களுக்கு அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அந்த முதலைப் போட முடியாத சின்ன ஏஜென்சிகள் கான்ட்ராக்ட் பக்கமே வருவதில்லை. பெரிய இடங்களிலோ பெர்மனென்ட் டீம் வேறு, கான்ட்ராக்ட் டீம் வேறு. உங்களைக் கூப்பிட்டவருக்கு கான்ட்ராக்ட் பிடித்துக்கொடுத்தால் பைசா கிடைக்காது. அதனால் அவரிடம் வாதாட வேண்டாம், "உங்கள் கான்ட்ராக்ட் டீமில் யாரிடம் பேசுவது, அவர் பெயரும் மெயிலும் கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுத்தால் லாபம், கொடுக்கவில்லை என்றால் அங்கே அப்படி ஒரு டீமே இல்லை என்று அர்த்தம்.

அப்படியும் விடாமல் தொங்குகிறவருக்கு ஒரு மருந்து இருக்கிறது. சேர்த்துவிட்ட ஆள் முதல் சில மாதங்களுக்குள் வேலையை விட்டால் ஏஜென்சி பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆகவே மெதுவாகச் சொல்லுங்கள்: "சேரலாம்தான், ஆனால் நல்ல கான்ட்ராக்ட் வந்தால் அடுத்த மாதமே கிளம்பிவிடுவேன்." அவரே போனை வைத்துவிடுவார்.

---

மணிக்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் போனை எடுத்ததும் நாலே கேள்விதான்: கான்ட்ராக்டா, எத்தனை மாதம், என்ன ரேட், எப்போது ஆரம்பம். நாலுக்கும் பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. "ரேட் பேசிக்கலாம்" என்றால் மெயிலில் அனுப்புங்கள் என்று வைத்துவிடுவேன். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அவருக்கும் நேரம் மிச்சம்.

இன்னொன்று, இது முக்கியம். சில அழைப்புகளில் வேலை என்று ஒன்று இருக்கவே இருக்காது. பேச்சுவாக்கில் கேட்பார்கள், "இப்போ வேற எங்கெல்லாம் இன்டர்வியூ போயிருக்கீங்க, மேனேஜர் யாரு?" அக்கறையில் கேட்கிறார் என்று நினைத்து நாம் கொட்டிவிடுவோம். அரை மணி நேரத்தில் அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, உங்களிடம் ஆள் தேவை இருக்கிறதாமே என்று வேறு நாலு ரெஸ்யூமை நீட்டுவார். நீங்கள் போகிற வேலைக்கு நீங்களே போட்டி தேடிக் கொடுத்தமாதிரி ஆகிவிடும். இன்டர்வியூவுக்கு முன்பே ரெஃபரன்ஸ், அதாவது உங்களைப் பற்றி விசாரிக்கப் பழைய மேனேஜர்களின் பெயரும் நம்பரும், கேட்பதும் பல நேரம் இதே கதைதான். கிளையன்ட் ஆஃபர் தரட்டும், அப்போது தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கிளையன்ட் பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூமை அனுப்ப விடாதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்ட் உங்களை அனுப்பிவிட்டால், கமிஷன் தகராறு எதற்கு என்று கிளையன்ட் இரண்டையும் ஒதுக்கிவிடுவதுண்டு.

---

கூட்டிக்கழி எழுதியது:

எல்லோரும் ஏஜென்ட்டையே திட்டுகிறீர்கள். சில பெர்மனென்ட் ஆஃபர் உண்மையிலேயே நல்லதாக இருக்கும், கணக்குப் போடாமல் தள்ளாதீர்கள். வருடத்தில் வார நாட்கள் 260 சொச்சம். விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், இரண்டு ப்ராஜெக்ட்டுக்கு நடுவில் சும்மா இருக்கும் வாரங்கள் எல்லாம் போனால் பில் போடக்கூடியது 220 என்று வைத்துக்கொள்வதே நியாயம், மோசமான வருடத்தில் அதற்கும் கீழே. அதை நாள் ரேட்டால் பெருக்கி, காப்பீடு, ஓய்வுக்கால சேமிப்பு, பயிற்சி என்று கைக்காசு போடுவதைக் கழித்துவிட்டு அந்தச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் கான்ட்ராக்ட்டிலேயே இருக்கிறேன், அது வேறு விஷயம் :)

---

நகரும்நாற்காலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெர்மனென்ட் டிக்கை எடுத்துவிட்டேன், அது இருந்ததே எனக்குத் தெரியாது. இன்று ஒரு புது வகை வந்திருக்கிறது: "முதல் ஆறு மாதம் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனென்ட்." ரேட் வழக்கமானதைவிடக் குறைவு, கேட்டால் பின்னால் நிலையான வேலை கிடைக்குமே என்கிறார். நம்பலாமா?

---

பழையதரகர் எழுதியது:

பின்னால் கிடைப்பதற்கு இப்போதே ரேட்டைக் குறைப்பது அவருக்கு இரட்டை வரவு. ஆறு மாதம் மார்ஜின், பிறகு கிளையன்ட் உங்களை எடுத்துக்கொண்டால் பெர்மனென்ட் ஆக மாற்றியதற்கு ஒரு கட்டணம் தனி. பல நேரம் அந்தக் கட்டணத்துக்காகவே கிளையன்ட் பெர்மனென்ட் ஆக்காமல் இழுத்தடிக்கும். முழு ரேட் கேளுங்கள். பெர்மனென்ட் ஆனால் சம்பளம் எவ்வளவு, அது யார் முடிவு என்பதைக் கிளையன்ட்டிடமிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், ப்ராஜெக்ட் முடிந்து 6 மாதம் அல்லது 12 மாதம் அந்த கிளையன்ட்டிடம் நேரடியாகச் சேரக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில்தான் ஒளிந்திருக்கும்.