கடைசி வண்டியை யார் ஓட்டுவது?

கேள்வி: இரவுப் பணி முடித்து நான் வீடு திரும்பும் கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். லாபம் இல்லையாம். இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறேன். பொதுப் போக்குவரத்தை அரசே நடத்த வேண்டாமா?

பதில் 1: கட்டாயம் வேண்டும். பிரிட்டனில் 1986-இல் லண்டனுக்கு வெளியே பேருந்துகளைச் சந்தையிடம் விட்டார்கள். தனியார் நிறுவனங்கள் கூட்டமுள்ள தடத்துக்குத்தான் போட்டி போட்டன.

பதில் 2: தனியார் என்றாலே கெட்டது இல்லைங்க. ஜப்பான் 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கத் தொடங்கியது. டோக்கியோ பக்கம் அருமையாக ஓடுகிறது. ஆனால் ஆள் குறைந்த வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இன்றும் நஷ்டம்தான்.

கேட்டவர்: சரி, அந்த ஆள் குறைந்த இடத்தில்தானே நான் நிற்கிறேன்!

பதில் 3: இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதிப் பேருந்துகளின் வழியைப் பாருங்கள். தடம், நேரம், கட்டணம் பொது நிர்வாகத்தின் கையில். ஓட்டுவது மட்டும் ஒப்பந்த நிறுவனங்கள். 2025 ஜனவரியில் முழுதாக இந்த முறைக்கு மாறிவிட்டார்கள். உங்கள் இரவு வண்டியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.