பல்லு வெள்ளையாக்கினா எனாமல் தேயுமா?

கடற்கரைப்பிள்ளை:
நான் உவர்மலை. வாற மாசக் கடைசியில கலியாணம், பல்லு மஞ்சளா இருக்கெண்டு டவுனில ஒரு கிளினிக்கில வைட்னிங் பற்றிக் கேட்டுட்டு வந்தனான். அம்மா விடுறாவில்லை, எனாமல் கரைஞ்சு போயிடுமாம், பிறகு ஐஸ்கிரீம் கூட வாயில வைக்கேலாதாம். எனக்கு இப்பவே குளிர்தண்ணி குடிச்சா வலப்பக்கம் கூசும். செய்யலாமா?

சாம்பல்தீவு அக்கா:
தங்கச்சி, முதல்ல அந்த வலப்பக்கத்தைக் காட்டுங்கோ. நான் பல் கிளினிக்கில உதவிக்கு நிக்கிறனான். சூத்தையோ வெடிப்போ இருந்தா, இல்லாட்டி முரசு இறங்கி வேர் தெரிஞ்சா, வெள்ளையாக்கப் பூசுற ஜெல் நேர பல்லின்ர உள்பகுதியான டென்டினுக்குள்ள போயிடும், அதில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழாயள் நரம்புப்பக்கம் போகுது, அதாலதான் சுள்ளெண்டு இழுக்கிறது. சூத்தையை அடைச்சிட்டுத்தான் வைட்னிங். கிளினிக்கில வைக்கிற ஜெல்லில ஹைட்ரஜன் பெரொக்சைட் 35, 40 வீதம் வரைக்கும் இருக்கும், முரசில பட்டா வெந்து வெள்ளையாப் போகும், அதால முரசை மூடி ரெசின் பூசி லைட் அடிச்சு இறுக்கினாப் பிறகுதான் ஜெல் வைக்கோணும், பூசாமத் தொடங்கினா நிப்பாட்டச் சொல்லுங்கோ. நல்ல பல்லில முறையா செய்தா எனாமல் கரையாது, ரெண்டு மூண்டு நாள் கூசும், அவ்வளவுதான். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்டை இப்பவே தொடங்குங்கோ, அது நரம்பை அமத்தும். கூச்சம் கூடின ஆக்களுக்கு வீட்டில பல்லில மாட்டுற ட்ரேயில வைக்கிற 10 வீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல் நல்லம், மெதுவாத்தான் வெளுக்கும். முன்பல்லில ஃபில்லிங் இருந்தா அது வெளுக்காது, மாத்திறதெண்டா வைட்னிங் முடிஞ்சு 2 கிழமை விடோணும், கலியாண நாளை வைச்சு இப்பவே எண்ணிப் பாருங்கோ.

நிலாவெளிக்காரன்:
அக்கா சொல்றது சரி. தங்கச்சி, வீட்டில தேசிப்புளியும் உப்பும் போட்டு மட்டும் தேய்ச்சிடாதேங்கோ, நான் ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு மாசம் தேய்ச்சனான். வெள்ளையாகிறதை விட்டுட்டு இன்னும் மஞ்சளாப் போச்சு, ஏனெண்டா புளி எனாமலை அரிச்சு அதுக்குக் கீழ இருக்கிற டென்டின்ட மஞ்சள் நிறம் தெரியுதாம். போன எனாமல் திரும்ப முளைக்காதெண்டு டாக்குத்தர் சொன்ன அண்டைக்கு எனக்கு அழுகையே வந்திட்டு.

கடற்கரைப்பிள்ளை:
ஐயோ அண்ணா. சரி, திங்கள் முதல்ல பல்லைக் காட்டுறன். அக்கா, செய்தாப் பிறகு பிளேன்டீ குடிக்கலாமா?

சாம்பல்தீவு அக்கா:
ரெண்டு நாள் வேண்டாம். சோடா, தேசிக்காய்த் தண்ணி, பீட்ரூட்டும் வேண்டாம். இடியப்பமும் சொதியும் சாப்பிடலாம், சொதிக்கு மஞ்சள் போடாம வைக்கச் சொல்லுங்கோ அம்மாட்ட.