மறுமொழி: ஓரிடத்தானை வைத்து ஊர் மாறியவர்களைத் தேடலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணு வகை, அதை இடம்பெயர்வு பற்றிய கட்டுரையில் 'ஓரிடத்தான்' என்று எழுதலாமா என்ற கேள்வியைப் போட்டுவிட்டு மூன்று நாள் வாய் மூடி இருந்தேன். மடல்கள் இத்தனை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நடுவில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் கி.பி. 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்களின் பற்களையும் எலும்புகளையும் சோதித்து, அவர்கள் எங்கே வளர்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டறியும் ஆய்வுகளைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்: "பல்லில் உள்ள ஓரிடத்தான்களைச் சோதித்ததில் இவர் அவ்விடத்தார் அல்லர் எனத் தெரிந்தது." என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஓரிடத்தான் என்கிறீர்கள், அவ்விடத்தான் இல்லை என்கிறீர்கள், யார் இந்த ஆள்?" என்று கேட்டாள். விவாதம் அங்கே தொடங்கியது.

> ஓரிடத்தான் சரியான சொல். மூலச்சொல்லின் பொருளை அப்படியே தருகிறது. ஏன் கலைக்க வேண்டும்?

வேதியியல் ஆசிரியர் ஐயாவின் இந்த வாதத்தை மறுக்க மாட்டேன். 1913இல் வேதியியலாளர் ஃபிரெடெரிக் சோடி 'ஐசோடோப்' என்ற மூலச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காரும் அணுக்கள் என்பதே பொருள். சொல்லை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'டோபோஸ்' என்றால் இடம். வேதியியல் வகுப்பில் ஓரிடத்தானுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இடம்பெயர்வைப் பற்றிப் பேசும் பக்கத்தில் 'இடம்' என்றதும் வாசகர் மனத்தில் அட்டவணை தோன்றாது, ஊர்தான் தோன்றும். 'ஆன்' விகுதி வேறு அதை ஓர் ஆளாகவே ஆக்கிவிடுகிறது.

இலங்கை நண்பர் தங்கள் பாடநூல்களில் உள்ள 'சமதானி'யை முன்வைத்தார். விகுதிச் சிக்கல் இல்லாத நல்ல சொல்தான். ஆனால் இங்கே நான் காட்டிய இரண்டு பேர் அதைச் 'சமாதானி' என்று வாசித்தார்கள். ஆகவே அணுவின் பெயருக்கு ஐசோடோப்பு என்றே எழுதப்போகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

எனக்குப் பிடிவாதம் உள்ள இடம் வேறு. ஐசோடோப்பு விகிதம் உடலில் விட்டுச்செல்லும் அடையாளத்துக்கு என்ன பெயர்? கைரேகை, முத்திரை, தடம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்ல, இந்த ஆய்வு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும்.

பாறையில் இருக்கும் ருபிடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ருபிடியம் மிகுந்த பழைய பாறையில் ஸ்ட்ரான்சியம்-87 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஸ்ட்ரான்சியம்-86 மாறாது. ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் நிலத்தில் 0.708 அளவில் நிற்கும். ஸ்காண்டிநேவியாவின் பழைய கருங்கல் நிலத்தில் 0.720ஐத் தாண்டும். பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து பல்லுக்கு அந்த விகிதம் ஏறக்குறைய மாறாமல் வந்துசேரும். கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் ஸ்ட்ரான்சியம் உட்கார்ந்துகொள்கிறது. பல்லின் மேற்பூச்சான எனாமல் சிறுவயதில் ஒருமுறை உருவாவதோடு சரி, பிறகு மாறாது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். ஞானப்பல்லுக்குப் பதினாறு வயது வரைகூட ஆகும். எலும்போ வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. பல்லும் எலும்பும் வேறுவேறு கதை சொன்னால், அந்த ஆள் நடுவில் ஊர் மாறியிருக்கலாம்.

கவனியுங்கள், 'மாறியிருக்கலாம்'. 0.709 என்று ஒரு பல் சொன்னால், அந்த விகிதம் உள்ள நிலம் ஐரோப்பாவில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. கடல்நீரின் விகிதமே 0.7092. ஓர் ஊரை 'இது இல்லை' என்று தள்ள முடியும். 'இதுதான்' என்று சுட்டுவது அரிது. கைரேகை ஒரே ஆளுக்கு உரியது, முத்திரை ஒரே அரசனுக்கு உரியது. அவ்வளவு உறுதியான சொற்களைத் தூக்கி இதன் தலையில் வைத்தால், வாசகர் கட்டுரையைத் தவறாகவே படிப்பார். 'தடம்' வேறு வகையில் மாட்டிக்கொள்கிறது: 'கார்பன் தடம்' என்றால் இன்று புகையும் பருவநிலையும்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: சாயல்.

பிள்ளைக்கு அப்பன் சாயல் இருக்கிறது என்கிறோம். அது சான்றிதழ் ஆகாது. ஒற்றுமை தெரிகிறது, அவ்வளவே. பெரியப்பன் சாயலாகவும் இருக்கலாம். இந்த ஆய்வு சொல்வதும் அதே அளவுதான். ஸ்ட்ரான்சியம் காட்டுவது மண்சாயல். குடிநீர் வழியாக வரும் ஆக்சிஜன் காட்டுவது நீர்ச்சாயல். கார்பனும் நைட்ரஜனும் காட்டுவது ஊண்சாயல்.

சாயல் எதோடு ஒப்பிடப்படுகிறதோ, அதாவது ஒரு வட்டாரத்தின் மண்ணுக்கு இயல்பான விகித எல்லை, அதற்கும் தனிப்பெயர் வேண்டும். ஓர் அம்மையார் குறளிலிருந்து 'நிலத்தியல்பு' என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். நிலத்தியல்பால் நீர் திரியும் என்ற அந்தக் கருத்து இந்த ஆய்வுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனாலும் உழவர் வாயில் இன்றும் இருக்கும் 'மண்வாகு' எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. மண்வாகு நிலத்தில் இருப்பது, மண்சாயல் பல்லில் இருப்பது. மண்வாகு வரைபடம் என்றும் தடையில்லாமல் எழுதலாம்.

சொல் தாங்குகிறதா என்று கட்டுரையில் ஓட்டிப் பார்த்தேன். 2009இல் இங்கிலாந்தின் டார்செட்டில், ரிட்ஜ்வே குன்றில் சாலை போடும்போது, தலை வெட்டப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. சோதிக்கப்பட்ட பற்களின் நீர்ச்சாயல் குளிர்நாட்டுடையது. ஸ்காண்டிநேவியப் பகுதிகளோடு ஒத்துப்போனது. இங்கே சொல் நன்றாகவே நின்றது.

ஊண்சாயலுக்குக் கடினமான சோதனை இங்கிலாந்தின் ரெப்டன் என்ற ஊர். 873இன் குளிர்காலத்தை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் பெரும்படை அங்கே கழித்தது. அவ்வூர்ப் புதைமேட்டில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் இருந்தன. அவை அப்படையினருடையவை என்று கருதினார்கள். ஆனால் எலும்பின் வயதைச் சொல்லும் கதிரியக்கக் கார்பன் கணக்கு, சில எலும்புகள் படை வருவதற்கு முந்தியவை என்று காட்டியதால் குழப்பம் நீடித்தது. 2018இல் வெளிவந்த ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. கடலில் பழைய கார்பன் தேங்கியிருக்கிறது. மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு, உண்மையான வயதைவிட மூத்ததாகக் கணக்குக் காட்டும். ஊண்சாயலைக் கொண்டு திருத்தியபோது தேதிகள் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு பொருந்தின. தட்டில் என்ன இருந்தது என்பது நூற்றாண்டையே நகர்த்திவிட்டது!

இன்னொன்று: 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட 2,023 பேரின் ஊண்சாயலைத் தொகுத்தது. நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியில் மேலே போகப்போகக் கூடும். கறி மிகுதியாகத் தின்றவர் எலும்பில் அது உயர்ந்திருக்க வேண்டும். செல்வர்களின் கல்லறைகளிலும் அப்படி உயர்ந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய அரசுகளுள் ஒன்றான வெசெக்ஸின் அரசன் ஈனின் சட்டத்தில் 300 ரொட்டி, 10 ஆட்டுக்கிடாய், 100 விலாங்கு என்று உணவு வரிப் பட்டியல் இருக்கிறது. அதை அரசனின் அன்றாடச் சாப்பாடு என்று இத்தனை காலம் நினைத்தவர்கள், அது எப்போதாவது நடக்கும் ஊர்விருந்தாக இருக்கலாம் என்று இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊண்சாயலிலும் எச்சரிக்கை தேவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் நைட்ரஜன்-15 ஏறும். அதைப் பார்த்துக் குழந்தை கறி தின்றது என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

> உள்ளூர்ச் சாயல் இல்லாதவர்களை 'வந்தேறிகள்' எனலாமே?

வேண்டாம், ஐயா. அது வசைச்சொல்லாகி வெகுகாலம் ஆகிறது. பொருளும் பொருந்தாது. இடம்பெயர்ந்து வந்தவருக்குப் புது ஊரில் பிறந்த பிள்ளையின் பல்லில் புது ஊரின் மண்சாயல்தான் இருக்கும். அப்பிள்ளையின் மரபணு வேறு கதை சொல்லலாம். 568இல் பன்னோனியாவிலிருந்து (இன்றைய ஹங்கேரிப் பக்கம்) இத்தாலிக்குப் போன லாங்கோபார்டுகள் என்ற ஜெர்மானிய மக்களைப் பற்றிய ஆய்வுகளில் மண்சாயலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். 'வெளியூரார்' போதும். இன்னும் கறாராக எழுத வேண்டிய இடத்தில் 'உள்ளூர்ச் சாயல் இல்லாதவர்' என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

எனாமலுக்குப் 'பற்சிப்பி' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் கடலுணவு தின்றவர்களைப் பற்றிய பத்தியில் பற்சிப்பியும் கிளிஞ்சலும் அருகருகே வந்தபோது நானே ஒருமுறை தடுமாறினேன். இந்தக் கட்டுரைக்கு எனாமல் என்றே விட்டுவிட்டேன். வேறு சொல் இருப்பவர்கள் சொல்லுங்கள், கட்டுரை அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

திருத்திய வாக்கியம் இது: "இவருடைய பல்லின் மண்சாயல் இவ்வூர் மண்வாகோடு ஒத்துப்போகவில்லை, சிறுவயதில் வேறு நிலத்து விளைச்சலை உண்டு வளர்ந்திருக்கலாம்." மனைவியிடம் காட்டினேன். இந்த முறை, அந்த ஆளுக்கு எந்த ஊர் என்று மட்டும் கேட்டாள்.

அன்புடன்