போட்டி நிறுவனங்கள் கடன் தகவலைப் பகிர்ந்துகொள்வது: கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும்?

தவணைக்காரன் (கேள்வி):
வணக்கம். இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் சிறிய நிதி நிறுவனம் ஒன்றில் கடன் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் இதே தொழில் செய்யும் ஆறு நிறுவனங்கள் சேர்ந்து, யாரிடம் எவ்வளவு நிலுவை என்று காட்டும் பொதுப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. ஒரே ஆள் ஒரே மாதத்தில் மூன்று இடங்களில் வண்டிக் கடன் வாங்கிய பிறகுதான் இந்த யோசனை எழுந்தது. எங்கள் முதலாளிக்கோ, ஒழுங்காகத் தவணை கட்டுபவர்களின் பட்டியலை நாமே போட்டியாளர் கையில் கொடுத்ததாகிவிடுமே என்ற தயக்கம். நிறையத் தருபவருக்கும் பெயருக்குத் தருபவருக்கும் இடையே நியாயமான ஏற்பாட்டை எப்படி அமைப்பது?

பேரேடு:
முதலில் சட்டத்தைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்று இல்லாமல் எந்த நிறுவனமும் கடன் தகவல் தொழில் நடத்த முடியாது. சான்று பெற்றவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு. கடன் நிறுவனங்கள் இந்த நான்கிலுமே உறுப்பினராக வேண்டும் என்று 2015 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சேர்க்கைக் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய்க்கும் மிகக் கூடாது என்றும் சிறிய நிறுவனங்களை மனத்தில் வைத்து அப்போதே வரையறுத்தது. ஆகவே பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது.

உங்களுக்கு நேர்ந்தது வேறு சங்கதி என்று நினைக்கிறேன். புதிதாகக் கொடுத்த கடன், வாடிக்கையாளரைப் பற்றி இந்த நான்கு நிறுவனங்கள் தரும் அறிக்கையில் ஏறச் சில நாட்கள் ஆகும். மாதம் இருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்த பிறகும் இடைவெளி இருக்கவே செய்யும். ஆனால் ஒரு நிறுவனம் அறிக்கையை எடுத்துப் பார்த்தாலே அந்த விசாரணை உடனுக்குடன் பதிவாகிவிடும். முதல் நிறுவனம் அறிக்கையை எடுத்திருந்து, மற்ற இரண்டும் விசாரணைப் பகுதியைப் புரட்டியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும்.

பழைய வங்கியாளர்:
முதலாளியின் அச்சம் புதியதன்று. அமெரிக்காவில் சில கடன் அட்டை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் கடன் வரம்பை நெடுங்காலம் தெரிவிக்காமலே இருந்தன. நல்ல வாடிக்கையாளர் யார் என்று போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பதே காரணம். அதற்கான விலையை வாடிக்கையாளர்தான் கொடுத்தார்: வரம்பு தெரியாததால், அவர் வரம்பை முழுவதும் பயன்படுத்திவிட்டவரைப் போலத் தெரிந்து கடன் மதிப்பெண் குறைந்தது.

இதற்கு பிரிட்டனில் கண்ட வழி பரிமாற்ற நெறி. எந்தத் தரத்தில் தருகிறாயோ, அந்தத் தரத்திலேயே பெறுவாய். பெற்றதைக் கடன் முடிவுக்கும் மோசடித் தடுப்புக்கும் பயன்படுத்தலாம், பிறர் வாடிக்கையாளரை இழுப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இதையே படிகளாக வகுத்தார்கள்: தவறியவர்களை மட்டும் தெரிவிப்பவருக்குத் தவறியவர்களின் விவரம் மட்டும், முழுமையாகத் தருபவருக்கு மட்டுமே மாதாமாதம் தவணை கட்டிய வரலாறு. என் அனுபவத்தில், தண்டத்தொகையைவிட இந்த ஏற்பாட்டுக்குத்தான் நிறுவனங்கள் அஞ்சும்.

கணக்குப்பிள்ளை:
பழைய வங்கியாளர் ஐயா சொன்ன நெறியோடு உடன்படுகிறேன். ஆனால் அது தன்னாலேயே நடந்துவிடும் என்பதோடு உடன்படவில்லை. ஆஸ்திரேலியாவில் முழுமையான பகிர்வுக்கு 2014-இலேயே அனுமதி கிடைத்தும், ஒருவர் தொடங்கட்டும் என்று ஒருவர் காத்திருந்ததால், நான்கு பெரிய வங்கிகளைக் கட்டாயப்படுத்த 2021-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பெரியவரிடம் தகவல் நிறைய இருக்கிறது, அவருக்குச் சிறியவரின் தகவல் அவ்வளவாகத் தேவையில்லை. பரிமாற்றம் அங்கேதான் முறிகிறது. வாடிக்கையாளரின் நிதித் தகவலை அவர் ஒப்புதலோடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் நம் நாட்டு அக்கவுண்ட் அக்ரிகேட்டர் அமைப்பிலும் இதே நிலைதான். தகவலைப் பெற மட்டும் சேர்ந்தவர்களைக் கண்ட ரிசர்வ் வங்கி, தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனம் பயனாளராகச் சேர்ந்தால், தன்னிடமுள்ள தகவலை வழங்குபவராகவும் சேர்ந்தாக வேண்டும் என்று 2023 அக்டோபரில் விதித்தது. அங்கே ஒப்புதல் தருபவர் வாடிக்கையாளரே என்பதால், பட்டியல் களவு போகும் அச்சத்துக்கும் இடம் குறைவு.

தவணைக்காரன்:
மிக்க நன்றி. எங்கள் கோப்புகளைப் புரட்டினேன். அந்த மூன்று கடன்களில் எங்களுடையதே கடைசி. நாங்கள் எடுத்த அறிக்கையில் முந்தைய இரண்டு விசாரணைகளும் இருந்தன, யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. தனிப் பதிவேட்டை விட்டுவிட்டு, ஆறு நிறுவனங்களும் ஒரே நாளில் தகவல் அனுப்புவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறேன்.